பாதையைத் திறந்து வைத்த இரட்டைமலையார்



கிண்டியிலிருந்து அடையாறு செல்லும் சர்தார் படேல் சாலையில் நீங்கள் பலமுறை பயணம் செய்திருப்பீர்கள். ஆளுநர் மாளிகையின் நீண்ட மதிலைக் கடந்து, சிறுவர் பூங்காவையும் பாம்புப் பண்ணையையும் தாண்டினால் காந்தி மண்டபம் வரும். 1956ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அந்த மண்டபத்தின் வளாகத்திலே இராஜாஜிக்கும் காமராசருக்கும் நினைவகங்கள் இருப்பதை யாவரும் அறிவர். அதே வளாகத்தில், மரங்களின் நிழலில், மற்றொரு பெரியவருக்கும் நினைவு மண்டபம் இருக்கிறது. விடுமுறை நாட்களில் பிள்ளைகளுடன் அங்கே சென்று அமர்ந்து, கொண்டு வந்த சோற்றை உண்டு திரும்புகிற நம்மில் எத்தனை பேர் அந்த மண்டபத்தின் முன் நின்று, அவர் யார், என்ன செய்தார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம்?

திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன் என்பது அப்பெரியவரின் பெயர். அவர் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர் அல்லர். பின் ஏன் இந்த வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் அவரைப் பற்றிய பேச்சு என்று சிலர் கேட்கக்கூடும். மனிதர் யாவரும் ஒரே ஆணிலிருந்தும் ஒரே பெண்ணிலிருந்தும் தோன்றியவர்கள் என்று போதிக்கும் வேதத்தை ஓதுகிறவர்கள், அந்த உண்மைக்காக ஆயுள் முழுவதும் பாடுபட்ட ஒருவரை அறியாமல் இருப்பது முறையன்று என்பதே என் விடை. அதுமட்டுமின்றி, அவருடைய வரலாற்றைப் படிக்கத் தொடங்கிய பின்னர் என் உள்ளத்தை உறுத்திக்கொண்டே இருக்கும் ஒரு செய்தியும் உண்டு. அதை இறுதியில் சொல்கிறேன்.

இன்று அந்தச் சாலையில் எவரும் நடக்கலாம். உன் குலம் யாது என்று கேட்பார் இல்லை. நூறு ஆண்டுகளுக்கு முன் இந்நாட்டின் நிலை அதுவன்று. அரசாங்கப் பணத்தில் போட்ட சாலையிலும், பொதுமக்கள் வரியில் வெட்டிய கிணற்றிலும், மனுக் கொடுக்கச் செல்லும் அலுவலகத்தின் வாசற்படியிலும்கூட, ஒரு சாராருக்கு ‘நில், அப்பால் போ’ என்ற சொல்லே வரவேற்பாக இருந்தது.

சீனிவாசன் 1859ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் செங்கற்பட்டு மாவட்டம் மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் என்னும் சிற்றூரில் பிறந்தார். இரட்டைமலை என்பது அவருடைய தந்தையாரின் பெயர். பிழைப்பை நாடி அக்குடும்பம் தஞ்சைக்கும் பின்னர் கோவைக்கும் சென்றது. கோவையில் அவர் பயின்ற கலாசாலையில் இருந்த மாணவர்கள் ஏறத்தாழ 400 பேர். அவர்களில் பத்துப் பேர் தவிர ஏனையோர் அனைவரும் பிராமணப் பிள்ளைகள். தம் குலமும் குடியிருப்பும் உறவினரும் மற்றப் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டால் என்ன நேருமோ என்ற அச்சத்தினால், பள்ளி மணி அடிக்கும் வரை வெளியிலேயே எங்காவது அமர்ந்து படித்துக்கொண்டிருப்பாராம். மணி அடித்த பிறகுதான் வகுப்பிற்குள் நுழைவாராம். ஆட்டத்திற்கு எவருடனும் சேர்வதில்லை. பள்ளி விட்டதும் யாரும் பின்தொடராதபடி விரைந்து வீடு திரும்பிவிடுவார். 1939ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் அவரே இவற்றைக் குறித்து வைத்திருக்கிறார்.

சிந்தித்துப் பாருங்கள். பாடம் வராத பிள்ளை ஒளிந்து நிற்பதுண்டு. கட்டணம் கட்ட இயலாத பிள்ளை ஒளிந்து நிற்பதுண்டு. பிறந்தது ஒன்றையே குற்றமாகச் சுமந்துகொண்டு ஒரு சிறுவன் மணியோசைக்காகக் காத்திருந்தான். எண்பது வயதை எட்டும் தறுவாயில் எழுதியபோதும் அந்த மணியோசை அவருக்கு மறக்கவில்லை.

படிப்பு முடிந்த பின் நீலகிரியில் ஐரோப்பியர் வணிக நிறுவனத்தில் பத்தாண்டுகளுக்கு மேல் கணக்கராகப் பணிபுரிந்தார். 1890ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்தார். ஒடுக்கப்பட்ட மக்களின் நலனுக்காக எழுதியும் உழைத்தும் வந்த பண்டிதர் அயோத்திதாசர் அவருடைய சகோதரியின் கணவர். சென்னையில் மகாஜன சபை ஒன்றை நிறுவிய சீனிவாசன், 1893ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஒரு பத்திரிகையைத் தொடங்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் ‘பறையன்’.

பள்ளிப் பருவத்தில் எந்தப் பெயர் வெளியே தெரிந்துவிடக் கூடாதென்று அஞ்சி ஒளிந்தாரோ, அதே பெயரைப் பத்திரிகையின் நெற்றியில் பெரிய எழுத்தில் அச்சிட்டுத் தெருவில் விற்றார்! அவருடைய சமூகத்திலேயே சிலர் இதை விரும்பவில்லை. இழிவுப் பெயரை ஏன் நாமே சுமக்க வேண்டும், வேறு நல்ல பெயர் சூட்டிக்கொள்ளலாகாதா என்பது அவர்கள் வாதம். அதிலும் நியாயம் இருந்தது. ஆயினும் சீனிவாசன் வேறுவிதமாகக் கருதினார்: தன்னை இன்னான் என்று சொல்லிக்கொள்ள அஞ்சுகிறவன் தன் உரிமையை எந்தப் பெயரால் கேட்பான்? மாத இதழாகத் தொடங்கிய பத்திரிகை மூன்று மாதங்களில் வார இதழாயிற்று. ஏறத்தாழ ஏழாண்டுகள் நடந்தது. அதே 1893ஆம் ஆண்டில், இந்திய சிவில் சர்வீஸ் தேர்வை இலண்டனில் நடத்துவது போல இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்ற காங்கிரசின் கோரிக்கையை எதிர்த்து, 3412 பேர் கையொப்பமிட்ட விண்ணப்பத்தை இங்கிலாந்துப் பாராளுமன்றத்திற்கு அனுப்பினார். இங்கே தேர்வு நடந்தால் உயர்சாதியினர் மட்டுமே அதிகாரிகளாக வருவர், ஏழைகளின் நிலை மேலும் கெடும் என்பது அவருடைய அச்சம். அந்த நிலைப்பாட்டை இன்று ஏற்பவரும் இருப்பர், மறுப்பவரும் இருப்பர். மணியோசைக்குக் காத்திருந்த சிறுவனை நினைவில் வைத்துக்கொண்டு அதை மதிப்பிடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்வேன்.

பெயர் வசையாக மாறுவதைப் பற்றி எண்ணும்போது அண்ணல் நபி (ஸல்) அவர்களின் தோழர் அபூதர் (ரலி) அவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். சினம் மேலிட்ட ஒரு வேளையில் அவர்கள் ஒரு மனிதரை, அவருடைய தாயைக் குறிப்பிட்டு இழித்துப் பேசிவிட்டார்கள். செய்தி அண்ணலாரிடம் சென்றது. அறியாமைக் காலத்தின் எச்சம் உம்மிடம் இன்னும் இருக்கிறது என்ற பொருள்பட அண்ணலார் கண்டித்தார்கள். அபூதர் யார்? இஸ்லாத்தை முதன்முதலாக ஏற்றவர்களுள் ஒருவர். வணக்கத்திலும் எளிமையிலும் ஈடற்றவர். அத்தகையவரிடமும் அந்த எச்சம் தங்கியிருந்தது. பிற்காலத்தில் அவர்களைக் கண்ட ஒருவர், அவர்களும் பணியாளரும் ஒரே விதமான ஆடை அணிந்திருக்கக் கண்டு வியந்து காரணம் வினவினார். அபூதர் (ரலி) அவர்கள் தம் பழைய தவற்றை மறைக்காமல் எடுத்துரைத்தார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனிவாசன் கடல் கடந்தார். இலண்டன் செல்லும் நோக்குடன் புறப்பட்டவர் ஆப்பிரிக்காவில் தங்க நேர்ந்தது. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றினார். காந்தியடிகள் தமிழில் கையெழுத்திடக் கற்றது இவரிடமே என்பர்.

நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளைச் சுமந்து சென்ற முதற் கப்பல் ‘டிரூரோ’ 1860ஆம் ஆண்டு அக்டோபரில் நம் சென்னைத் துறைமுகத்திலிருந்தே புறப்பட்டது. அதன் பிறகு சென்றவர்கள் ஆயிரமாயிரம். அங்கே வெள்ளையர் இந்தியர் அனைவரையும் ‘கூலி’ என்றே அழைத்தனர். உழைப்புக்குக் கொடுக்கும் ஊதியத்தைக் குறித்த நல்ல தமிழ்ச் சொல், கடலுக்கு அப்பால் ஓர் இனத்தின் மேல் குத்தப்பட்ட முத்திரையாயிற்று. வழக்கறிஞராகச் சென்ற காந்தியடிகளையும் ‘கூலி பாரிஸ்டர்’ என்றார்கள். அந்த முத்திரையிலிருந்து தப்ப நம் குஜராத்தி முஸ்லிம் வணிகர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தங்களை ‘அரபிகள்’ என்று சொல்லிக்கொண்டார்கள்! காந்தியடிகளே இதை எழுதியிருக்கிறார். அதற்காக அவர்களை நான் பழிக்கமாட்டேன். அந்நிய நாட்டில் கடை நடத்தும் அச்சம் அவர்களுக்கு. ஆயினும், அரபியருக்கு அரபியர் அல்லாதாரைவிடவோ, வெள்ளையருக்குக் கறுப்பரைவிடவோ பிறப்பால் மேன்மை இல்லை என்பதே இறுதி ஹஜ்ஜின்போது அண்ணலார் அறிவித்த கருத்து என்பதை அறிந்த ஒரு கூட்டம், மேன்மை தேடி அரபிப் பெயருக்குள் ஒளிந்தது வேதனைக்குரியதே. கோவைப் பள்ளியில் ஒளிந்த சிறுவன், வளர்ந்த பின் ஒளிவதை விட்டான். அவனுக்குத் தெரிந்த ஒன்று நம்மவருக்குத் தெரியவில்லை.

நெடுங்காலத்திற்குப் பின் தாயகம் திரும்பிய சீனிவாசன் 1923ஆம் ஆண்டில் சென்னை மாகாணச் சட்டசபையின் நியமன உறுப்பினரானார். அவருடைய வாழ்வின் தலையாய செயல் என நான் கருதுவது அடுத்த ஆண்டு நிகழ்ந்தது. 1924ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அவர் சபையில் ஒரு தீர்மானம் கொண்டு வந்தார். நகரமாயினும் கிராமமாயினும் எந்தப் பொதுச் சாலையிலும் தெருவிலும் பாதையிலும் எந்த வகுப்பினரும் நடந்து செல்வதற்குத் தடை இல்லை. பொது அலுவலகம், கிணறு, குளம், மக்கள் கூடும் பொது இடங்கள் ஆகியவற்றை ஏனைய சாதியார் பயன்படுத்துவது போலவே ஒடுக்கப்பட்டோரும் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். அரசு அதனை ஏற்று 1925ஆம் ஆண்டு பிப்ரவரியில் கெஜட்டில் வெளியிட்டது.

எத்துணை எளிய கோரிக்கை! அரசாங்கத்திடம் அவர் பதவி கேட்கவில்லை, பணம் கேட்கவில்லை. நடக்க இடம் கேட்டார்; தாகத்திற்கு நீர் கேட்டார். மனிதனுக்குத் தண்ணீர் புகட்டுவது தருமங்களில் மிகச் சிறந்தது என்று மதரஸாவில் பாடம் கேட்டவன் நான். மதீனாவிலே ரூமா என்னும் கிணற்றை உதுமான் (ரலி) அவர்கள் விலை கொடுத்து வாங்கி யாவருக்கும் பொதுவாக்கினார்கள் என்ற வரலாற்றைப் பயான்களில் நூறு முறையாவது சொல்லியிருப்பேன். நம் மாகாணத்தில், அரசாங்கமே வெட்டிய கிணற்றைப் பொதுவாக்குவதற்கு ஒருவர் சட்டசபையில் தீர்மானம் போட வேண்டியிருந்தது என்பதை எந்தப் பயானிலும் சொன்னதில்லை.

கெஜட்டில் அச்சானதும் பாதைகள் யாவும் திறந்துவிட்டன என்று எண்ண வேண்டாம். தாளில் உள்ள உரிமையைக் காலால் நடந்து காட்டியவர்கள் அடிபட்டார்கள், வேலை இழந்தார்கள், குடிசை இழந்தார்கள். சீனிவாசனுக்கும் இது தெரியும். ஆகவேதான் அவர் அடுத்த படிக்குச் சென்றார்.

1930ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் இலண்டனில் வட்டமேசை மாநாட்டை மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் தொடங்கிவைத்தார். ஒடுக்கப்பட்டோரின் சார்பில் அங்கே சென்றவர்கள் இருவர். ஒருவர் அண்ணல் அம்பேத்கர். அப்போது அவருக்கு வயது 39. மற்றவர் எழுபதைத் தாண்டிய இரட்டைமலை சீனிவாசன். அதே மாநாட்டிற்கு நோயுற்ற உடலுடன் மௌலானா முஹம்மது அலி அவர்களும் வந்திருந்தார்கள். நாட்டின் விடுதலையைக் கேட்டு முழங்கிவிட்டு, 1931 ஜனவரி 4ஆம் நாள் இலண்டனிலேயே உயிர்நீத்து, பைத்துல் முகத்தஸில் அடக்கமானார்கள். மௌலானாவின் வரலாறு நம் பிள்ளைகளுக்குத் தெரியும். அதே மன்றத்தில் அமர்ந்திருந்த கோழியாளத்து முதியவரையும் அவர்கள் அறியட்டும்.

தீண்டாமை என்றால் என்ன என்று மன்னர் அவரிடம் வினவினாராம். தெருவில் எங்களுள் ஒருவன் விழுந்து கிடந்தால் மேல்சாதியார் தூக்கிவிட மாட்டார்கள் என்று விளக்கினாராம் சீனிவாசன். அரண்மனையில் நின்ற வேளையிலும் அவர் நினைவில் இருந்தது தெரு என்பதைக் கவனியுங்கள்.

அம்பேத்கரும் சீனிவாசனும் கையொப்பமிட்டு அம்மாநாட்டில் அளித்த கோரிக்கைப் பத்திரம் ஒன்று உண்டு. சட்டமன்ற இடங்களும் அமைச்சரவைப் பங்கும் அதில் பின்னரே வருகின்றன. முதல் கோரிக்கை சமக் குடியுரிமை. அடுத்தது அந்த உரிமையைத் தடையின்றி அனுபவிப்பதற்கான பாதுகாப்பு. இதன் கீழ்தான் மிக நுட்பமான ஒரு செய்தியை அவர்கள் எழுதினார்கள். ஒடுக்கப்பட்டவன் தன் உரிமையைப் பயன்படுத்தினால் ஊரார் அவனை அடிக்கக்கூட வேண்டியதில்லை; கடைக்காரன் அரிசி விற்க மறுத்தால் போதும், நிலக்காரன் வேலை கொடுக்க மறுத்தால் போதும். எனவே இத்தகைய சமூக விலக்கைத் தண்டனைக்குரிய குற்றமாக்க வேண்டும் என்று கேட்டார்கள். 1922ஆம் ஆண்டின் பர்மாச் சட்டம் ஒன்றை முன்மாதிரியாகவும் காட்டினார்கள். நம் மஹல்லாக்கள் சிலவற்றில் ஊர்விலக்கு என்ற பெயரால் நடப்பதை அறிந்தவர்கள் இந்தப் பத்தியை இருமுறை படிக்கக் கடவர்.

பின்னர் நிகழ்ந்தவை பலரும் அறிந்தவை. 1932 ஆகஸ்டில் ஒடுக்கப்பட்டோருக்குத் தனித் தொகுதிகளைப் பிரிட்டிஷ் அரசு அறிவித்தது. அதை எதிர்த்துக் காந்தியடிகள் எரவாடாச் சிறையில் செப்டம்பர் 20ஆம் நாள் உண்ணாவிரதம் தொடங்கினார். 24ஆம் நாள் பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. தனித் தொகுதி போயிற்று. அதற்கு ஈடாக மாகாணச் சட்டசபைகளில் 148 இடங்கள் ஒதுக்கப்பட்டன. சென்னை மாகாணத்திற்கு அவற்றுள் 30. கையெழுத்திட்டவர்களில் சீனிவாசன் ஒருவர், இராஜாஜியும் ஒருவர். விரும்பி இட்ட கையெழுத்தா, வேறு வழியின்றி இட்டதா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. கிண்டி வளாகத்திலோ மூவருடைய நினைவகங்களும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. எரவாடாவில் எதிரெதிராக இருந்தவர்கள் ஒரே மரக்கூட்டத்தின் நிழலைப் பகிர்ந்துகொள்கிறார்கள்.

1935ஆம் ஆண்டில் அம்பேத்கர் தாம் இந்துவாக இறக்கப்போவதில்லை என்று அறிவித்தபோது, தோளோடு தோள் நின்ற சீனிவாசன் மதம் மாறும் யோசனைக்கு உடன்படவில்லை. நாம் நால்வருணத்திற்கு வெளியே நிற்பவர்கள். உள்ளே இல்லாதவன் எதிலிருந்து வெளியேறுவது என்பது அவர் வாதம். நம்மில் சிலருக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கு அவர்மீது இதனால் மதிப்புக் குறையவில்லை. நம் பக்கம் வந்தால் போற்றுவோம், வராவிட்டால் மறப்போம் என்பது நீதியாகுமா?

சென்னை பெரியமேட்டில், தோல் மண்டிகளும் பள்ளிவாசலும் நிறைந்த பகுதியில், 1945ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் அவர் காலமானார். அங்கே வாழ்ந்த நாட்களில் வேளைதோறும் பாங்கொலியைக் கேட்டிருப்பார். ஒரே வரிசையில் தோளொட்டி நிற்க அழைக்கும் அந்த ஒலியைக் கேட்டு, அவர் நம்மைப் பற்றி என்ன எண்ணியிருப்பார் என்று சில இரவுகளில் நினைத்துக்கொள்வதுண்டு.

இனி, என்னை உறுத்தும் செய்தி.

நான் பிறந்து வளர்ந்த ஊரில் ஓர் ஓஸ்தா இருந்தார். முடி திருத்துவார்; ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சுன்னத் செய்வார். எனக்கும் அவரே செய்தார். ஜும்ஆவில் அவர் முன்வரிசையில் முத்தவல்லியின் தோளை ஒட்டி நிற்பார். ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் கல்யாண விருந்தில் நால்வர் சுற்றி அமர்ந்து ஒரு தட்டில் உண்ணும் சஹன் வைக்கும்போது, அவருக்கு இடம் இராது. அவருக்குரிய சோறு பாத்திரத்தில் வீட்டுக்குப் போகும். அது மரியாதை என்றே சிறுவயதில் எண்ணியிருந்தேன்.

பல்லாண்டுகள் கழித்து, நான் வேறோர் ஊரில் இமாமாக இருந்தபோது, அத்தகைய குடும்பத்து இளைஞன் ஒருவன் என்னிடம் வந்தான். பட்டம் பெற்றவன், தொழுகையாளி, அரசு வேலையில் இருந்தான். அவ்வூரில் வேறு குடும்பத்துப் பெண்ணை மணக்க விரும்பினான், பெண்ணுக்கும் சம்மதம். பெண்ணின் பெரியவர்கள் என்னிடம் மார்க்கத் தீர்ப்புக் கேட்டார்கள். மணப் பொருத்தத்தைக் குறிக்கும் ‘குஃபு’ என்ற தலைப்பில் ஃபிக்ஹு நூல்களில் தொழிலைப் பற்றியும் பேச்சு வரும். நான் கிதாபைத் திறந்து அந்தப் பகுதியைப் படித்துக் காட்டினேன். அத்துடன் அந்தச் சம்பந்தம் நின்றுபோயிற்று.

நான் படித்தது கிதாபில் இருப்பதுதான். ஆனால் படிக்காமல் விட்டதும் கிதாபில் இருந்தது. குஃபு என்பது மார்க்கப் பற்றில்தான் என்று இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் கொண்ட கருத்து எனக்குத் தெரியும். அபூஹிந்த் (ரலி) என்ற தோழர், அண்ணலாருக்கே இரத்தம் குத்தி எடுத்த தொழிலாளி. நம் ஓஸ்தாக்களின் தொழிலுக்கு நெருங்கிய தொழில். அவருக்குப் பெண் கொடுங்கள், அவரிடம் பெண் எடுங்கள் என்று பனூ பயாளா கூட்டத்தாருக்கு அண்ணலார் ஏவிய ஹதீஸை மாணவர்களுக்கு நானே பாடம் நடத்தியிருக்கிறேன். அன்று அந்தக் கூடத்தில், சாய்வு நாற்காலியில் பெரியவர்கள் அமர்ந்திருக்க, அது என் நாவில் வரவில்லை. 1981ஆம் ஆண்டில் மீனாட்சிபுரத்து மக்கள் நம் மார்க்கத்தைத் தழுவியபோது, எங்களிடம் வேற்றுமை இல்லை என்று பெரியவர்கள் மேடைமேடையாக முழங்கியதைக் கேட்டு மகிழ்ந்தவனும் நானே.

கோவைப் பள்ளியின் வாசலில் மணியோசைக்குக் காத்திருந்த சிறுவனைப் பற்றிப் படித்தபோது, என் முன்னால் கைகட்டி நின்ற அந்த இளைஞனின் முகம் நினைவுக்கு வந்தது. அவன் ஒன்றும் வாதாடவில்லை. “சரிங்க ஹஜ்ரத்” என்று மட்டும் சொல்லி, ஸலாம் கூறி வெளியேறினான். பின்னர் வேறு மாவட்டத்திற்கு மாற்றல் வாங்கிக்கொண்டு சென்றுவிட்டான் என்று கேள்விப்பட்டேன்.

அவனுடைய தந்தையார் அவ்வூரிலேயே இருக்கிறார்; கண் பார்வை மங்கிவிட்டதாம். வரும் ரபீஉல் அவ்வல் மாதத்தில் மீலாது விழாவில் பயான் செய்ய அந்த ஜமாஅத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள். வழக்கப்படி முத்தவல்லி வீட்டில் இறங்கி உணவருந்த ஏற்பாடு. பேருந்திலிருந்து இறங்கியதும் முதலில் ஓஸ்தா வீட்டுக்குச் செல்வேன், உணவும் அங்கேதான் என்று கடிதம் எழுதி அனுப்பிவிட்டேன். ஜமாஅத்திலிருந்து பதில் இன்னும் வரவில்லை.